கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பேட்டரி லைட்

அப்போது உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன் லாரியில் கிளீனர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு போயிற்று. ஒரு ஊரில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் எந்த வேலையும் முழுசாகத் தெரியாது, எல்லா வேலையும் பாதி தெரியும்.

தங்கியிருந்தது போத்தனூரில். ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்கம் ஓர் அறை, முன்னால் சின்ன சிமெண்டு வாசல், பொதுக் குழாய். மழை பெய்தால் வடக்குச் சுவரில் தண்ணீர் இறங்கும், பாயைத் தெற்கே இழுத்துப் போட்டுக்கொள்வோம். அறையில் என்னோடு இருந்தவன் என்னைவிட நாலைந்து வயது இளையவன். அதே கடையில் தராசுப் பக்கம் நின்றான். கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு தறிக்காரர் தெருவிலிருந்து வந்தவன். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அப்பாவை நைனா என்பான். பத்தாவது தேறியிருந்தான். எங்கள் அறையில் அவன்தான் படித்தவன்.

தறி வீட்டுப் பிள்ளை இரும்புக் கடைக்கு எதற்கு வந்தான் என்று ஒருமுறை கேட்டேன்.

"நமக்குக் கவனம் பத்தாதுங்ணா" என்றான். "சேலைக்குக் கரை போடச் சொன்னா மாத்திப் போட்டுருவேன்."

பிறகு விவரம் சொன்னான். அரக்குக் கரை வரவேண்டிய சேலையில் பாதிக்குமேல் இலைப்பச்சை நூலை ஓட்டியிருக்கிறான். ஒருமுறை இல்லை, பலமுறை. நூல் கண்டுகள் எப்போதும் வைக்கும் இடத்தில் இருந்தால் சரியாக நெய்வான். யாராவது எடுத்து மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. கடைசியாகக் கல்யாணச் சேலை ஒன்று கெட்டபோது அப்பா அவனைத் தறிக்குழியிலிருந்து எழுப்பி, தெருவே பார்க்கக் கழுத்தைப் பிடித்து வெளியே விட்டார். 'புத்தி எங்கேயோ இருக்கிற பயல்' என்று தெருவில் பெயராகிவிட்டது. அதன் பிறகுதான் பஸ் ஏறியிருக்கிறான்.

அந்தப் பெயரை அழிக்க அவனுக்கு ஒரு வழி வந்திருந்தது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகிற வேலை. மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. ஐப்பசியில் கூப்பிடுவார்கள் என்று தகவல் வந்திருந்தது.

"அதுல கவனம் இல்லாதவன எடுப்பாங்களாங்ணா? ரயிலையே நம்பி உடறாங்க. நைனா முன்னாடி யூனிபார்மோட போய் நிக்கோணும். ஒண்ணும் பேச வேண்டாம். நின்னாப் போதும்."

கடை முதலாளி பாய் அன்றிலிருந்து அவனை ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். "ஏம்ப்பா ஸ்டேஷன் மாஸ்டரு, அந்த ரெண்டு ட்ரம்மையும் உருட்டிட்டு வந்துருங்க, வண்டி லேட் ஆகுது" என்பார். அவனும் பச்சைக் கொடி காட்டுவது போலக் கையை ஆட்டிவிட்டு உருட்டுவான்.

ஒருநாள் ஏதோ மருந்துத் தொழிற்சாலையிலிருந்து கழிவுக் குழாய்கள் ஒரு லாரி வந்தது. பிரித்துப் போடும்போது கொஞ்சம் குழாய்கள் எவர்சில்வர் போல இருந்தன, ஆனால் கையில் எடுத்தால் எடை இல்லை. காந்தம் ஒட்டவில்லை. அலுமினியத்துக்கு இது கனம். பாயிடம் காட்டினேன். சாணைக் கல்லில் ஒரு நொடி வைத்தார். கண் கூசும் வெள்ளைப் பொறி பூவாகத் தெறித்தது.

"டைட்டானியம்டா இது. ஏரோப்ளேன்ல போடறது" என்றார். "தனியா வையி. இதுக்கு வாங்கறவன் வேற ஆளு."

அளவெடுத்து அறுத்தபோது ஒரு முனையில் முக்கால் முழத் துண்டு மிஞ்சியது. அதை என் பக்கம் தள்ளினார். "இத எவன் வாங்குவான், நீ எடுத்துக்க. உனக்குத்தான் எதையாவது நோண்டாட்டித் தூக்கம் வராதே."

அந்தக் குழாய்க்குள் பெரிய பேட்டரிக் கட்டை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதைப் பார்த்ததும் என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது. என்னிடம் இரண்டு கட்டை போடுகிற ஒரு பேட்டரி லைட் இருந்தது. கட்டை கசிந்து உடம்பு முழுக்கப் பச்சை பூத்து ஓட்டை விழுந்திருந்தது. தலையும் வால் மூடியும் நன்றாக இருந்தன. நடுவில் இருக்கும் உடம்பை மட்டும் மாற்றிவிட்டால் துருவே பிடிக்காத லைட் ஆகிவிடும். வேலைக்குச் சேருகிறவனுக்குக் கொடுக்கலாம். ரயில்வேயே விளக்கு கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எங்களிடம் இருந்த சாமான் ஒரு ரம்பம், இரண்டு அரம், கையால் சுற்றுகிற ட்ரில், உப்புத்தாள். டைட்டானியம் அறுக்க அறுக்க ரம்பத்தின் பல்லைத் தின்னும். வேகமாக இழுத்தால் சூடாகி இன்னும் இறுகிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்டு, மாட்டு வண்டி போகிற வேகத்தில் இழுத்தால் ஒத்துவரும். இது தெரிவதற்குள் மூன்று பிளேடு போய்விட்டது. பழைய லைட்டின் மரை உள்ள முனைகளை வெட்டி, புதுக் குழாய்க்குள் செருகி, ஓட்டை போட்டுப் பித்தளை ஆணியால் அறைந்து இறுக்கினேன். சுவிட்சுக்கு நீள ஓட்டை போடுவதுதான் பெரும்பாடு. வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போட்டு, இடைச்சுவரை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பல சாயங்காலங்கள் அதிலேயே போயின.

அவன் குழாயைப் பிடித்துக்கொள்வான், நான் தேய்ப்பேன். கை ஆடாமல் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் விழுந்த அரப்பொடியைக் கூட்டித் தள்ளும்போது அது மண்ணெண்ணெய் அடுப்பின் பக்கம் போய்விட்டது. புஸ்ஸென்று ஒரு வெள்ளை வெளிச்சம். மத்தாப்புகூட அப்படி எரியாது. வீட்டுக்கார அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏப்பா, ஊட்டக் கொளுத்திப்போட்டுத்தான் காலி பண்ணுவீங்களா ரெண்டு பேரும்?"

"தீவாளிங்கம்மா" என்றான் அவன்.

"ஆமா, உங்கொப்பன் ஊட்டுத் தீவாளி. அணைச்சுத் தொலை."

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தோம்.

நிறம் வந்தது தற்செயலாகத்தான். ஒரு பிசிறை எடுக்க வெட்டுத் துண்டு ஒன்றை அடுப்பில் காட்டினேன். தீ பட்ட இடம் முதலில் வெளிறிய பொன்னாகி, மாம்பழ மஞ்சளாகி, பிறகு கத்திரிப்பூவாகி, மயில்கழுத்து நீலத்தில் போய் நின்றது. இன்னும் காட்டியபோது வெளிறி, சாம்பலாய்ச் செத்துப்போனது. போன நிறம் திரும்பாது, உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் வரைக்கும் தேய்த்தால்தான் மறுபடி தொடங்கலாம். அன்று அவன் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் மட்டும் வெட்டுத் துண்டுகளைக் காட்டிக் காட்டிப் பழகினேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் திட்டுத் திட்டாக வந்தது. விரல் பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே பதிந்தது. அதனால் அரப்புத் தூளைக் குழைத்துத் தேய்த்துக் கழுவி, துணியால் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று கண்டுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முழு லைட்டுக்கும் நிறம் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். தலைப் பக்கம் மாம்பழம், நடுவில் கத்திரிப்பூ, வால் பக்கம் மயில்கழுத்து. கடையில் ஒயரின் ரப்பரை எரிக்கிற ஊதுவிளக்கை பாயிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தீயை அவன் பிடிப்பது என்று முடிவானது. இரும்புக் கம்பியில் குழாயை மாட்டி நான் மெதுவாகச் சுற்றினேன். மாம்பழம் அழகாக வந்தது. "போதும்" என்றேன், எடுத்துவிட்டான். டைட்டானியத்தில் சூடு பக்கத்துக்கு ஓடாது என்பதால் பட்டை பட்டையாகப் பிரித்துப் போட முடிந்தது.

நடுப் பட்டை தொடங்கியபோது வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். அரிசி மூட்டையைத் திண்டின் மேல் ஏற்ற வேண்டுமாம். கம்பியை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, "நீயே சுத்திச் சுத்திக் காட்டு. மாம்பழம் தாண்டிக் கத்திரிப்பூ வரும், வந்ததும் எடுத்துரு. அசந்தா நீலத்துக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது ஊதுவிளக்கை அணைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"கெட்டுப்போச்சுங்ணா."

"என்னாச்சு?"

"கத்திரிப்பூ வரவே இல்லீங்க. மாம்பழத்துல இருந்து நேரா நீலத்துக்குத் தாவிருச்சு. நான் கண்ண எடுக்கவே இல்லீங்ணா, சத்தியமா. இந்தத் தடவை கவனமாத்தான் பாத்துட்டு இருந்தனுங்க."

லைட்டைப் பார்த்தேன். நடுப் பட்டை கத்திரிப்பூவேதான். நான் பழகிய துண்டுகளில்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. வெயிலில் திருப்பிப் பார்த்தேன். பூவை ஒட்டிவைத்தது போல இருந்தது.

"ஏய்யா, வெளையாடறயா?"

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அழப்போகிறவன் மாதிரி இருந்தான்.

வீட்டுக்கார அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கத்திரிக்காயை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன கலரு?"

"கத்திரிக்காய்ங்க."

"கலரக் கேட்டேன்."

"கத்திரிக்காய்க் கலருங்க."

"இந்த லைட்டு?"

"நீலமுங்க."

"ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். காயைத் திருப்பினான், லைட்டைத் திருப்பினான். நிழலில் வைத்தான், வெயிலில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"அப்பக் கத்திரிக்காயும் நீலமுங்களா?"

வீட்டுக்கார அம்மா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். "ஏங் கண்ணு, கத்திரிக்காய் கலரு தெரியாம நீ எந்தூர்ல சோறு தின்ன?" அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியில் இருந்தபோது ஒரு டிரைவருக்கு, நிறம் பிரித்துத் தெரியாத இந்தக் கோளாறு இருந்தது. முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கு அவருக்குத் தெரியாது, தூரத்தைப் பார்த்துத்தான் ஓட்டுவார். ரயில்வேயில் கண்ணுக்கு எப்படிப் பரீட்சை வைப்பார்கள் என்றும் அவர்தான் சொல்லியிருந்தார். அவரே அதில் தோற்று வெளியே வந்தவர்.

அறைக்குள் போய் அவனிடம் கேட்டேன். அரக்கும் இலைப்பச்சையும் எப்படித் தெரியும்?

"ரெண்டும் மண்ணு மாதிரித்தானுங்க. வெளிச்சத்துல வெச்சு யோசிச்சாக் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்."

"இத யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"என்னன்னு சொல்றதுங்க? எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், அவங்கெல்லாம் கவனமாப் பாக்கறாங்க, நமக்குக் கவனம் பத்தலைன்னு நினைச்சனுங்க. இது என்ன கலருன்னு யாராச்சும் கேட்டா, அவங்களே சொல்லட்டும்னு கொஞ்சம் நிப்பேன். சொன்னதும் 'ஆமாங்க'ன்னு சொல்லிருவேன்."

எங்கள் பக்கத்தில் அது எடுபட்டுவிடும். எதிரே இருப்பவர் சொன்னதை மறுத்துப் பேசாமல், ஒரு 'ங்க' போட்டு ஒத்துக்கொண்டு போகிறவனை நல்ல பையன் என்பார்கள். இருபத்துச் சொச்ச வருஷம் அவன் அப்படியே கடந்து வந்திருக்கிறான்.

வால் பக்கத்துக்கு நீலம் ஏற்றும்போது தீயை அவனே பிடித்தான், நான் பார்த்து 'எடு' என்றேன். லைட் முடிந்தது. ஆனால் கட்டை போட்டு சுவிட்சைத் தள்ளினால் எரியவில்லை. சூட்டில் உள்பக்கமும் நிறம் படிந்து மின்சாரத்தை மறித்துக்கொண்டிருந்தது. முனைகள் தொடுகிற இடத்தை மட்டும் அரத்தால் சுரண்டியதும் எரிந்தது. அவன் கைதட்டினான்.

அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை வரைக்கும் அந்த லைட்டை வைத்து ஒரு வீண்வேலை செய்தோம். ஸ்வீட் கடையில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிக் காகிதம் வாங்கி, லைட்டின் முகத்தில் மாற்றி மாற்றிக் கட்டினேன். பொழுது சாய்ந்ததும் ரயில்வே காம்பவுண்டை ஒட்டிய பொட்டலில் அவன் ஒரு கோடியில் நிற்பான், நான் மறு கோடியிலிருந்து காட்டுவேன். பக்கத்தில் இருந்தால் முக்கால்வாசி சரியாகச் சொன்னான். தள்ளிப் போனால் குருட்டாம்போக்குத்தான். சிவப்புக் காகிதம் கொஞ்சம் மங்கல் என்பதை வைத்துச் சொல்கிறான் என்று பிறகு தெரிந்தது. பச்சையை இரண்டு மடிப்பாகக் கட்டிக் காட்டினேன். "செகப்புங்ணா!" என்று உற்சாகமாகக் கத்தினான்.

அப்போது தோன்றியது, இவன் இந்தப் பரீட்சையில் தேறினால்தான் ஆபத்து என்று. போத்தனூர் சந்திப்பில் எத்தனை வண்டி வருகிறது, போகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது அவனே கேட்டான்: "நான் பாஸாயி, ஒருநாள் மாத்திக் காட்டிட்டா என்ன பண்றதுங்ணா?" நான் லைட்டிலிருந்து காகிதத்தைக் கழற்றினேன். "இல்லீங்க, கவனமா இருந்துக்கறேன்" என்று அவனே முடித்துக்கொண்டான். மறுநாளும் பொட்டலுக்குப் போனோம்.

பரிசோதனை நாளில் நானும் கூடப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றேன். உயரம், எடை, நெஞ்சு எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. கண்ணுக்குக் கூப்பிட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெளியே வந்தபோது அவன் முகம் தெளிவாக இருந்தது. தேறிவிட்டான் என்றே நினைத்தேன்.

"போச்சுங்ணா" என்றான். "புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டறாங்க. அதுக்குள்ள நம்பர் இருக்குதாம். எனக்கு வெறும் புள்ளிதானுங்க. இருட்டு ரூம்புல சின்னச் சின்ன லைட்டும் காட்டுனாங்க. அதுவும் போச்சு. இந்த வேலைக்கு ஆகாதுன்னு எழுதிட்டாங்க."

அவன் குரலில் ஏதோ பொருந்தாமல் இருந்தது. தோள்மேல் கைவைத்தேன். கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"டாக்டர் நல்லவருங்ணா. உட்கார வெச்சுச் சொன்னாரு. இது உங்க தப்பில்ல தம்பி, பொறக்கும்போதே கண்ணுல இருக்கறதுன்னு. மருந்து கெடையாதாம். கண்ணாடி போட்டாலும் ஆகாதாம். எவ்வளவு உத்துப் பாத்தாலும் தெரியாதாம். கேட்டீங்களா? எவ்வளவு உத்துப் பாத்தாலும்!" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அப்ப நான் கவனம் இல்லாதவன் இல்லீங்ளே?"

வேலை போனவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். யூனிபார்ம் இல்லாவிட்டால் என்ன, நைனாவிடம் இதைச் சொன்னால் போதும், பெரிய டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் நைனா கேட்பார் என்றான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தது போல. "நீங்களும் வாங்ணா, நீங்க பாத்ததச் சொல்லுங்க" என்றான். அடுத்த சனிக்கிழமை கிணத்துக்கடவு பஸ்ஸில் ஏறினோம். லைட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். அவன் வீட்டில் குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் கால் மிதி நின்றது, பிறகு மறுபடி ஓடியது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். தங்கை ஒருத்தி கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள் என்று வழியிலேயே சொல்லியிருந்தான். நான் வெளியாள் என்பதால் என் முன்னால் தமிழில் பேசினார்கள்.

"வேலை என்னாச்சு?" என்றார் அப்பா.

அவன் பதில் சொல்வதற்குள் மின்சாரம் போய்விட்டது. மழை இருட்டு. தறிக்குழிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அறுந்த இழை ஒன்றை அவர் விரல் தேடிக்கொண்டிருந்தது. இவன் துண்டைப் பிரித்து லைட்டைப் போட்டுக் காட்டினான். இழையைக் கட்டி முடித்ததும் அவர் லைட்டைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் கண் அதில் நின்றுவிட்டது.

"மாம்பழம். கத்திரிப்பூ. மயில்கழுத்து" என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இந்தக் கத்திரிப்பூ சாயக்காரங்கிட்டக்கூட இப்படி வராது. பெயிண்டா இது?"

"பெயிண்ட் இல்லீங்க, தீயில காட்டுனது. நடுவுல இருக்கறத உங்க பையன்தான் பண்ணுனாப்ல" என்றேன்.

"இவனா? கலரு பிரிக்கத் தெரியாத பயலா?" என்றார். இருந்தாலும் மகனை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

அவன் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டான். "அதத்தானுங்க நைனா சொல்ல வந்தேன். அந்தக் கலரு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியாது." டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான். படத்தையும் புள்ளிகளையும் இருட்டறை லைட்டையும் சொன்னான். பிறவியிலேயே வந்தது, தப்பில்லை என்றான். கத்திரிக்காய் கதையை நான் சொன்னேன். பேசி முடித்ததும் அவன் சிரித்த முகமாக அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பேசியது அம்மாதான். "எங்க பெரியண்ணனும் அப்படித்தான். எங்கம்மா செகப்பு வாங்கிட்டு வாடான்னாப் பச்சைய..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா மனைவியைப் பார்த்தார். பிறகு தங்கை போன கதவைப் பார்த்தார். தறியிலிருந்து எழுந்து வந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"இத எத்தன பேருகிட்டச் சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லீங்க. முதல்ல உங்ககிட்டச் சொல்லலாம்னு..."

"சொல்லாதே."

"நைனா, டாக்டரே..."

"டாக்டரு பொண்ணு எடுக்க வரமாட்டான்." அவர் கத்தவில்லை. நூல் அறுந்தால் சொல்வது போலத்தான் சொன்னார். "பையனுக்குக் கவனம் பத்தாதுன்னா, ஒரு கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்னு சொல்லலாம். கண்ணுல பொறவிக் கோளாறுன்னா? அதுவும் தாய் வழியில வர்றதுன்னா? தறிக்காரன் எவனாச்சும் அந்த ஊட்ல பொண்ணு எடுப்பானா? நாளைக்கு அவளுக்குப் பொறக்கறதும் கலரு தெரியாமப் பொறந்தா, அவன் தறியில யாரு உக்காருவா?"

அம்மா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். வாதாடுவான் என்று எதிர்பார்த்தேன். நானாவது ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குப் புலப்படவில்லை. அந்தத் தெருவில் அவர் கணக்கு சரியாகவே இருந்திருக்கும்.

"வேலை கெடச்சது ஊருக்கே தெரியும்ங்க நைனா. ஏன் சேரலைன்னு கேட்டா?" என்றான் கடைசியில்.

"மெடிக்கலுக்குப் போகலேன்னு சொல்லு. தூங்கிட்டேன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

ராத்திரிச் சாப்பாடு நன்றாகவே போட்டார்கள். அப்பா என்னிடம் மரியாதையாகப் பேசினார். இரும்புக் கடையில் என்ன வேலை, மேட்டுப்பாளையத்தில் கிழங்கு என்ன விலை என்றெல்லாம் கேட்டார். அவன் இனிப் போத்தனூர் வரவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. வெள்ளை நூல் சுற்றுகிற வேலை இருக்கிறது, அதில் நிறம் பார்க்க வேண்டியதில்லை. கண்ணைப் பற்றி அதன் பிறகு யாரும் ஒரு சொல் பேசவில்லை.

காலையில் என்னைப் பஸ் ஏற்ற ரோட்டுக்கு வந்தான். மழை விட்டிருந்தது. டீக்கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் சேதி எட்டியிருந்தது. யார் பரப்பினார்களோ, அப்பாவேதான் சொன்னாரோ.

"ஏப்பா, கெவருமெண்டு வேலையத் தூங்கியே தொலச்சுப்போட்டியாமே?" என்றார் ஒருவர்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"ஆமாங்க மாமா. மழை பேஞ்சுதுங்களா, நல்லாப் போத்திட்டுப் படுத்தனுங்க. முழிச்சுப் பாத்தா மத்தியானம்."

"எழுப்பி உடறதுக்கு ஆளே இல்லையா அங்க?"

"எழுப்புனாங்க. இதோ இந்த அண்ணன்கூடத் தண்ணி ஊத்திப் பாத்தாரு. திரும்பிப் படுத்துட்டனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "இவனக் கொண்டுபோய் ரயிலுக்கு வெச்சிருந்தா, நாமெல்லாம் தண்டவாளத்துல கெடந்திருப்போம்" என்றார் ஒருவர். அதற்கும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இன்னொருவர் எப்படித் தூங்கினாய் என்று மறுபடி கேட்டார். அவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். இந்தத் தடவை கதையில் பாயும் போர்வையும் சேர்ந்துகொண்டன. பஸ் வந்தது. அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான், நான் ஏறிக்கொண்டேன்.